நான்கு எழுத்து, ஆறு ஒலி

இணையத்தில் மொழியியல் குறும்படிப்பு ஒன்றில் சேர்ந்த முதல் வாரமே எனக்கு ஒரு கேள்வியில் மதிப்பெண் போனது. தாய்மொழிச் சொல் ஒன்றை எடுத்து அதில் எத்தனை ஒலி என்று எண்ணச் சொன்னார்கள். ‘தங்கம்’ எடுத்தேன். த, ங், க, ம். நான்கு என்று போட்டேன். தப்பு. த், அ, ங், க், அ, ம் என ஆறு. உயிர்மெய் என்று ஆரம்பப் பள்ளியில் படித்த அதே விஷயம்தான். ஆனால் கண் எழுத்தை எண்ணி முடித்துவிட்டது, காது வேலைக்கே வரவில்லை.

நம்மவர்கள் இந்தப் படிப்புகளில் சறுக்கும் இடம் பெரும்பாலும் இதுதான். தமிழ் எழுதப் படிக்கத் தெரிந்ததாலேயே தமிழ் ஒலி தெரியும் என்று நினைத்துக்கொள்கிறோம். ‘காக்கை’, ‘தங்கை’, ‘பகல்’ மூன்றையும் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். எழுத்து ஒரே ‘க’, ஒலி மூன்று. நம்பிக்கை வராவிட்டால் பிராட் என்ற இலவச மென்பொருளை இறக்கி உங்கள் குரலையே பதிவு செய்யுங்கள். ஆம்ஸ்டர்டாமில் பவுல் பூர்ஸ்மாவும் டேவிட் வேனிங்கும் உருவாக்கியது. ‘காக்கை’யின் நடுவில் அலை படுத்துவிடும், கோடு போட்டதுபோல மௌனம். ‘பகல்’ சொன்னால் அந்த மௌனம் இருக்காது, ஏனென்றால் நாக்கு அங்கே முழுக்க அடைப்பதே இல்லை. இதற்குப் பத்து நிமிடம் போதும். வீடியோவை ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓடவிட்டு, டீ குடித்தபடி பார்ப்பவருக்கு இது எட்டு வாரம் ஆனாலும் பிடிபடாது.

அடுத்த தவறு, பயிற்சிக்கு உதாரணம் கேட்டால் மேடைத் தமிழை எடுத்து நீட்டுவது. ‘நான் கடைக்குச் சென்று கொண்டிருக்கிறேன்’ என்று யார் வீட்டில் சொல்கிறார்கள்? ‘கடைக்குப் போயிட்டிருக்கேன்’ என்று எழுதுங்கள், கூச்சமே வேண்டாம். ‘இருக்கிறேன்’ என்பதில் உள்ள ‘க்கிற்’ என்ற நிகழ்கால இடைநிலை ‘இருக்கேன்’ என்பதில் வெறும் ‘க்க்’ ஆகச் சுருங்கியிருக்கிறது. மொழியியல்காரருக்கு வேண்டியதே அதுதான். பேச்சுக்கு ஒன்று, எழுத்துக்கு ஒன்று என்று மொழி இரண்டாக நிற்பதை அமெரிக்க மொழியியலாளர் சார்லஸ் ஃபெர்குசன் 1959இல் அரபி, கிரேக்கம், சுவிஸ் ஜெர்மன், ஹெய்ட்டி கிரியோல் நான்கையும் வைத்து விளக்கினார். இரட்டை வழக்கு என்கிறோம். அதற்குள்ளேயே வாழும் நாம் ஒரு பாதியை ‘கொச்சை’ என்று ஒதுக்கிவிட்டுப் படிக்கப் போவது வேடிக்கை.

வேர்ச்சொல் வேட்டைக்காகவே சேருகிறவர்களும் உண்டு. ஒலி ஒத்திருக்கிறது, பொருள் ஒத்திருக்கிறது, ஆகவே அந்தச் சொல் இங்கிருந்துதான் போனது என்பார்கள். ஆஸ்திரேலியப் பூர்வகுடி மொழியான ம்பபாரத்தில் நாய்க்குச் சொல் கிட்டத்தட்ட ‘டாக்’தான். ஆங்கிலத்துக்கும் அதற்கும் இதில் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை, தற்செயல். உறவு தெரிய வேண்டுமென்றால் வரிசை வேண்டும். பால்–ஹாலு, பல்–ஹல்லு, புலி–ஹுலி, பத்து–ஹத்து, பூ–ஹூ. தமிழில் ‘ப’ வரும் இடத்தில் கன்னடத்தில் ‘ஹ’ வந்துகொண்டே இருக்கிறது. பழைய கன்னடத்திலோ அங்கேயும் ‘ப’தான். 1816இல் சென்னையில் எல்லிஸ் என்ற ஆங்கிலேய அதிகாரி தமிழ், தெலுங்கு, கன்னட வேர்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரே குடும்பம் என்று காட்டியதும் இப்படி அடுக்கித்தான். ஒற்றைச் சொல்லை வைத்துக்கொண்டு மல்லுக்கு நிற்பவர்கள் அந்த வாரப் பாடத்தை இன்னொரு தரம் கேட்கலாம்.

மொழியியலைப் போலவே இணையத்தில் கிடைக்கும் இன்னொரு படிப்பு பண்பாட்டு ஆய்வு. அந்தப் பெயரைப் பார்த்து, கோயில், கோலம், பரதம் என்று எதிர்பார்த்துச் சேர்ந்து ஏமாறுகிறவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். அந்தத் துறை 1964இல் பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட் ஹாகர்ட் தொடங்கிய மையத்தோடு வளர்ந்தது. அவர்கள் கவனித்தது தொலைக்காட்சி, பத்திரிகை, இளைஞர்களின் உடை, பாட்டு. பிறகு அந்த மையத்தை நடத்திய ஸ்டூவர்ட் ஹால் சொன்னது எளிது: ஒளிபரப்புகிறவர் ஒரு அர்த்தத்தை வைத்து அனுப்புகிறார், பார்ப்பவர் அதை அப்படியே ஏற்கலாம், பாதி ஏற்றுப் பாதி மாற்றிக்கொள்ளலாம், எதிர்த்தும் படிக்கலாம். நெடுந்தொடர் பார்த்தபடி, “மாமியார் சொல்றதுலயும் நியாயம் இருக்கு, ஆனா அவ நகையைப் புடுங்கினது தப்பு” என்று தீர்ப்பு சொல்லும் பாட்டி அந்த நடு வகை. தொடர் நல்லதா கெட்டதா என்று கட்டுரை எழுதிக் கொடுத்தால் மதிப்பெண் வராது. பாட்டி எதை ஏற்றார், எதைத் தள்ளினார், ஏன் என்று எழுதினால் வரும்.

சான்றிதழ் வேண்டுவோர் விதியை முதல் நாளே படித்துவிடுங்கள். ஐஐடிகளும் ஐஐஎஸ்சியும் சேர்ந்து நடத்தும் என்பிடெல் இணையப் படிப்புகளில் சேர்வது இலவசம், தேர்வு அப்படியல்ல; அதற்குத் தனியாகப் பதிந்து கட்டணம் கட்டி, மையத்துக்கு நேரில் போய் எழுத வேண்டும். 12 வாரப் படிப்பென்றால் வாரா வாரம் தரும் ஒப்படைப்புகளில் சிறந்த 8ஐ எடுத்து 25க்கு மதிப்பெண், தேர்வுக்கு 75. முன்னதில் 10, பின்னதில் 30, இரண்டும் தனித்தனியே வந்தாக வேண்டும். ஒப்படைப்பில் 25க்கு 25 வாங்கிவிட்டு, தேர்வுக்குப் பதியும் கடைசித் தேதியை மறந்தவருக்குக் கையில் ஒன்றும் வராது.