டிவி-பி-கான் அணைக்கவில்லை: கோளாறு எல்இடியில்

காத்திருப்பு அறையில் யாரும் பார்க்காமல் அலறும் டிவியை அணைக்க, மிட்ச் ஆல்ட்மேன் உருவாக்கிய, டிவிகளை அணைக்கும் ரிமோட்டான டிவி-பி-கானின் திறந்த வன்பொருள் (வடிவமைப்பு எல்லோருக்கும் திறந்திருக்கும்) கிட்டை வாங்கி நானே சால்டரிங் செய்தேன். பச்சை விளக்கு மினுக்கியது, டிவி அணையவில்லை. சிப்பைத்தான் சந்தேகித்தேன், வீணாக.

இதன் எல்இடிகள் சிக்னல் அனுப்பும் அகச்சிவப்பு ஒளி கண்ணுக்குத் தெரியாது. அதனால் போனின் முன்பக்கக் கேமராவில் பார்த்தேன் (பின்பக்கத்தில் பெரும்பாலும் அந்த ஒளியைத் தடுக்கும் வடிகட்டி இருக்கும்). நான்கு எல்இடிகளில் இரண்டு மட்டும் ஊதாவாக மின்னின. மற்றவற்றைத் தலைகீழாகப் பொருத்தியிருக்கிறேன்! நீளமான கால்தான் பாசிட்டிவ். காலை வெட்டிவிட்டால், எல்இடியின் தட்டையான விளிம்புள்ள பக்கம்தான் நெகட்டிவ். ஈயத்தை உருக்கி, கழற்றித் திருப்பி வைத்தேன்.

அப்புறம் பொத்தானை அழுத்தி அசையாமல் பிடித்தேன். ஒவ்வொரு டிவி பிராண்டுக்கான அணைக்கும் குறியீடாக வரிசையில் அனுப்புவதால் ஒரு நிமிடம்வரை ஆகலாம். அணைந்தது. பொது அறிவிப்புத் திரைகள் பக்கம் மட்டும் இதைத் திருப்புவதில்லை.