வேட்டியிலும் விரிப்பிலும் படிந்த சாம்பார்க் கறையை நீக்கும் முறை

பந்தியில் உட்கார்ந்திருக்கும்போது வெள்ளை வேட்டியில் சாம்பார் சிந்திவிட்டால், கைக்குக் கிடைத்த சோப்பை எடுத்து அந்த இடத்தில் தேய்ப்பதுதான் பெரும்பாலோர் செய்யும் முதல் வேலை. தேய்த்த மறுகணமே கறை செந்நிறமாக மாறுவதைக் கண்டு, துணி பாழாகிவிட்டது என்று கலங்கிவிடுகிறார்கள். மஞ்சளில் உள்ள குர்குமின் என்னும் நிறப்பொருள் காரத்தன்மை பட்டதும் சிவக்கும் இயல்புடையது. ஆரத்தித் தட்டில் மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்து சிவப்பதும் இதனால்தான். சோப்பு நீங்கும்படி நன்றாக அலசிவிட்டால் அந்தச் சிவப்பு மறுபடியும் மஞ்சளாகிவிடும்.

குர்குமின் நீரில் எளிதில் கரையாது, எண்ணெயில் கரையும். தாளித்த எண்ணெயோடு சேர்ந்தே அது நூலுக்குள் இறங்குவதால், முதலில் எண்ணெயை எடுக்க வேண்டும். துணிமேல் நிற்கும் பருப்பையும் காயையும் கரண்டி விளிம்பால் வழித்தெடுத்துவிட்டு, கறையின் பின்புறத்திலிருந்து குழாயின் குளிர்ந்த நீரைப் பாய்ச்சுங்கள். பிறகு பாத்திரம் கழுவும் திரவத்தில் சில சொட்டுகளை விட்டு, விரல் நுனியால் மெதுவாக நீவி, கால் மணி நேரம் ஊறவைத்து அலசுங்கள். வெந்நீர் இந்த நிலையில் வேண்டாம்; சூடு கறையை நூலில் இறுக்கிவிடும்.

எஞ்சும் மஞ்சளுக்கு வெயிலுக்கு நிகரான மருந்தை நான் அறியேன். ஒளி பட்டால் குர்குமின் சிதைந்து நிறமிழக்கும் என்பதால், ஈரத் துணியைக் கறை வெளியே தெரியும்படி உச்சி வெயிலில் கொடியில் விரித்துப் போடுங்கள். மாலைக்குள் நிறம் வெளிறியிருக்கும். மீதமிருந்தால் மறுநாளும் நனைத்துப் போடலாம். சாயத் துணி வெயிலில் வெளுத்துவிடும் என்பதால் இந்த முறை வெள்ளைப் பருத்திக்கே உரியது. பட்டுப் புடவையில் எந்தச் சோதனையும் செய்யாமல், ஒற்றியெடுத்த கையோடு உலர்சலவைக்குக் கொடுத்துவிடுங்கள். வெளுப்பான் பயன்படுத்துவோர் அதனுடன் வினிகரையோ எலுமிச்சைச் சாற்றையோ ஒருபோதும் கலக்கக் கூடாது. அதிலிருந்து நச்சுத்தன்மையுள்ள குளோரின் வாயு வெளிப்படும்.

தரைவிரிப்பைத் தூக்கி அலச முடியாது என்பதால் அங்கே பொறுமை கூடுதலாகத் தேவை. தேய்த்தால் கறை இழைகளின் அடிவரை இறங்கும். ஆகவே வெள்ளைத் துணியால் ஓரத்திலிருந்து நடுவை நோக்கி ஒற்றியெடுங்கள். துணியின் சுத்தமான பகுதியை அவ்வப்போது மாற்றிப் பிடிக்காவிட்டால், எடுத்த மஞ்சளையே திருப்பி அப்புவோம். ஒரு தம்ளர் நீரில் அரைத் தேக்கரண்டி பாத்திரத் திரவத்தைக் கலந்து, துணியில் தொட்டு ஒற்றுங்கள். அதன்பின் வெறும் நீரால் ஒற்றி நுரையை முழுவதும் அகற்றுங்கள், இல்லையெனில் அந்தப் பிசுக்கில் தூசி ஒட்டி அதே இடம் கறுத்துவிடும். பவானி ஜமுக்காளம் போன்ற சாயக்கரை விரிப்புகளில், மடிப்புக்குள் மறைந்திருக்கும் ஒரு மூலையில் முதலில் தடவி, சாயம் ஒட்டுகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். கடைசியில் உலர்ந்த துண்டை மடித்து வைத்து, மேலே கனமான பொருளை ஏற்றி ஈரத்தை உறிஞ்சவிட்டு, மின்விசிறிக் காற்றில் காயவையுங்கள்.

தயிர், பால், முட்டை ஆகியவற்றின் கறையை முதலில் குளிர்ந்த நீரில் ஊறவைத்து, பிறகு சோப்புப் போட்டு அலசுங்கள். எந்தக் கறையானாலும், அது முற்றிலும் நீங்கியதை வெளிச்சத்தில் பார்த்து உறுதிசெய்யும்வரை அந்தத் துணியின்மேல் இஸ்திரிப் பெட்டியை வைக்காதீர்கள்.