மைக்கில் வசவு விழுந்தால்: ரேங்க் ஆடுகிறவர்களுக்கு

ஆன்லைனில் ரேங்க் ஆட்டம், அதாவது ஜெயித்தால் நிலை ஏறி, தோற்றால் இறங்கும் ஆட்டம் ஆடும்போது, முதல் வசவு காதில் விழுந்ததுமே மியூட் போடுங்கள். 'ஒரு பதில் கொடுத்துட்டுப் போடலாம்' என்று நினைத்தால் அங்கேயே கவனம் சிதறிவிடும். வேலரண்ட் என்ற துப்பாக்கிச் சண்டை கேமில் ரவுண்டுக்கு முன் துப்பாக்கி வாங்க 30 விநாடி கிடைக்கும். எஸ்கேப் தட்டி, பட்டியலில் அந்த ஆளின் குரல், எழுத்து இரண்டையும் அணைக்க அந்த நேரம் தாராளம். பலர் குரலை மட்டும் அணைக்கிறார்கள். அவன் சாட்டில் தொடர்வான். பிஜிஎம்ஐ என்ற மொபைல் கேம் ஆடுகிறவர்கள் விமானத்திலிருந்து குதிப்பதற்குள்ளேயே ஸ்பீக்கர் அமைப்பைச் சரிசெய்துவிட வேண்டும். தரையில் இறங்கிய பிறகு விரலுக்கு ஓய்வு இருக்காது.

பதில் திட்டக்கூடாது என்பதற்கு உறுதியான காரணம் ஒன்று இருக்கிறது. கேம் நிறுவனத்துக்கு ரிப்போர்ட் (புகார்) போனால் அந்த ஆட்டத்து சாட்டில் உங்கள் வரிகளும் இருக்கும். அவன் ஆரம்பித்தான் என்பது உங்களைக் காப்பாற்றாது. இருவருக்குமே சாட் தடை விழலாம். கோபத்தில் ஆட்டத்தை விட்டு வெளியேறினாலும் தண்டனை உங்கள் கணக்குக்குத்தான். டோட்டா 2 என்ற கணினி கேமில் நடத்தைக்கு 12,000 வரை மதிப்பெண் உண்டு. அது சரிந்தால் அடுத்தடுத்த ஆட்டங்களில் அதே ரக ஆட்களோடுதான் சேர்த்துவிடுவார்கள். ஏற வெகுநாள் பிடிக்கும்.

வியாசர்பாடி, காசிமேடு, தண்டையார்பேட்டைப் பசங்களுக்குக் கூடுதலாக ஒரு தொல்லை. பேச்சைக் கேட்டதும் 'நார்த் மெட்ராஸா?' என்று ஆரம்பித்து ஏரியாவை இழுப்பார்கள், பிறகு சாதியை இழுப்பார்கள். மும்பை சர்வரில் தமிழ் கேட்டாலே சண்டைக்கு வரும் ஆளும் மாட்டுவார். நம்ம பேச்சை மாற்றிக்கொள்ளத் தேவையே இல்லை. எதிரி இருக்குமிடத்தைச் சொல்லும் கால்அவுட்டை 'பி மெயின், ரெண்டு பேர், ஒருத்தன் லோ' (அந்த இடத்தில் இருவர், ஒருத்தனுக்கு உயிர் குறைவு) என்று சுருக்கிச் சொன்னால் போதும், எவருக்கும் புரியும். மைக்கே வேண்டாம் என்றால், பேசாமலே இடத்தைக் குறித்துக்காட்டும் பிங் இருக்கிறது. வேலரண்டில் அதற்கு இசட் பட்டன்.

தமிழ்க் கெட்ட வார்த்தைகளை ஆங்கில எழுத்தில் அடிக்கும்போது கெட்ட சொற்களை மறைக்கும் ஃபில்டர் பெரும்பாலும் கோட்டைவிடும். ஒரே சொல்லை நாலு விதமாக எழுதுவார்கள். வேலரண்ட் செட்டிங்ஸில் நீங்களே சொற்களைச் சேர்த்து மறைக்கும் பட்டியல் உண்டு. அந்த நாலு எழுத்துமுறையையும் தனித்தனியாகச் சேருங்கள். ரிப்போர்ட்டிலும் இதே சிக்கல்தான். 'டாக்ஸிக்' என்று மட்டும் எழுதினால் படிக்கிறவருக்கு எதுவும் விளங்காது. எந்த ரவுண்டு, என்ன சொல், அதற்கு என்ன அர்த்தம் என்று ஆங்கிலத்தில் ஒரே வரி எழுதுங்கள். ஆட்டம் முடிந்த பிறகும் மேட்ச் ஹிஸ்டரியில் அந்தப் பெயரைத் தேடி அனுப்பலாம்.

வாயால் திட்டாமல் ஆட்டத்தையே கெடுப்பவர்களிடம் மியூட் வேலை செய்யாது. வழியை மறிப்பான், எதிரணிக்கு நம் இடத்தைக் காட்டிக்கொடுப்பான். இதற்கு வீடியோ வேண்டும். கணினியிலேயே இருக்கும் விண்டோஸ் கேம் பாரில் பின்னணிப் பதிவை முன்கூட்டியே ஆன் செய்து வைத்தால், விண்டோஸ், ஆல்ட், ஜி மூன்றையும் சேர்த்து அழுத்தியதும் கடைசி 30 விநாடி சேமிக்கப்படும். முன்பே ஆன் செய்யாவிட்டால் நடந்து முடிந்தது கிடைக்காது. கேமிங் சென்டரில் ஆடினால் கிளிப்பை உங்கள் போனுக்கு மாற்றிவிட்டு, கணக்கிலிருந்து லாக் அவுட் செய்தே எழுந்திருங்கள். அடுத்து உட்காருகிறவன் உங்கள் பெயரில் திட்டினால் தடை உங்களுக்கு.

கேம் ஐடியில் 'வியாசை' போன்ற ஏரியா பெயர், பின்கோடு, பள்ளிப் பெயர் எதுவும் வேண்டாம். ஏற்கெனவே இருந்தால் மாற்றுங்கள். பெண் குரல் கேட்டதும் தொல்லை தருகிறவர்கள் அதிகம் என்பதால் பெண்கள் தெரிந்தவர் இருவரையாவது பார்ட்டியில் (சேர்ந்து ஆடும் குழுவில்) சேர்த்துக்கொள்வது நல்லது. இதில் வெட்கப்பட வேண்டியவர்கள் பெண்களல்ல. டிஸ்கார்ட் என்ற அரட்டைச் செயலியில் சர்வர் (குழு) உறுப்பினர்கள் நேரடியாக மெசேஜ் அனுப்பும் வசதியை அணைத்து வையுங்கள்.

'வீட்டுக்கு வர்றேன்' என்று மிரட்டினாலோ படத்தைக் காட்டிப் பயமுறுத்தினாலோ அது கேம் நிறுவனத்தோடு முடிகிற விஷயமல்ல. பாரதிய நியாய சன்ஹிதா என்ற குற்றவியல் சட்டத்தின் 351-ஆம் பிரிவில் மிரட்டல் குற்றம். முதலில் ஐடி, தேதி, நேரம் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுங்கள், அப்புறம் பிளாக் செய்யுங்கள்; வரிசை மாறினால் சாட்டைத் திரும்பத் தேடி எடுப்பது கஷ்டம். தேசிய சைபர் கிரைம் தளத்தில் புகார் பதியலாம், அருகிலுள்ள காவல் நிலையத்துக்கும் போகலாம். 18 வயதுக்குக் கீழ் என்றால் வீட்டில் சொல்லுங்கள். வீட்டில் சொல்ல முடியாவிட்டால் குழந்தைகள் உதவி எண் 1098-க்கு அழையுங்கள்.