வேலைக்குப் போகும் கல்லூரிப் பிள்ளையை டிபென்டன்ட்டாகக் காட்டுவது எப்படி?

"பிள்ளைக்கு டபிள்யூ-2 (முதலாளி தரும் சம்பளச் சான்று) வந்துவிட்டதே, இனி நம் வரி ரிட்டர்னில் எப்படிச் சேர்ப்பது?" அமெரிக்காவில் இருக்கும் நம் பெற்றோர் பலர் இப்படி நினைத்து, பிள்ளையை டிபென்டன்ட்டாக, அதாவது தங்களைச் சார்ந்திருப்பவராகக் காட்டிப் பெறும் வரிச் சலுகையைக் கைவிட்டுவிடுகிறார்கள். கல்லூரியில் படிக்கும் சொந்தப் பிள்ளைக்கு வருமான வரம்பே கிடையாது. பார்க்க வேண்டியவை வேறு.

முதலில் வயதைப் பாருங்கள். டிசம்பர் 31 அன்று 24 வயது நிரம்பியிருக்கக் கூடாது. அந்த ஆண்டில் 5 மாதங்களிலாவது முழுநேர மாணவராக இருந்திருக்க வேண்டும். மாதங்கள் தொடர்ச்சியாக வர வேண்டியதில்லை.

அடுத்து, ஆண்டில் பாதிக்கு மேல் உங்களோடு வசித்திருக்க வேண்டும். படிப்புக்காக டார்மில் (கல்லூரி விடுதியில்) தங்கிய நாட்களும் வீட்டில் இருந்ததாகவே கணக்கு.

மூன்றாவதுதான் பலரும் குழம்பும் இடம். தன் செலவில் பாதிக்கு மேல் பிள்ளையே போட்டிருக்கக் கூடாது. எவ்வளவு சம்பாதித்தாள் என்பதல்ல, எவ்வளவு செலவழித்தாள் என்பதே கேள்வி. ஒரு தாளை எடுத்து ஃபீஸ், தங்குமிடம், சாப்பாடு, துணிமணி, மருத்துவம் எல்லாவற்றையும் எழுதுங்கள். ஸ்காலர்ஷிப்பில் கட்டியதைச் சேர்க்காதீர்கள். மொத்தம் 30,000 டாலர் என்று வையுங்கள். மகள் கடையில் வேலை பார்த்து 16,000 சம்பாதித்து, 9,000 பேங்க்கில் போட்டுவிட்டு, மீதி 7,000-ஐத் தனக்குச் செலவழித்தாள். பாதி என்பது 15,000. எனவே தாராளமாகக் காட்டலாம். ஆனால் அவள் பேரில் வாங்கிய கல்விக் கடனில் ஃபீஸ் கட்டியிருந்தால், அது அவள் போட்ட பணம். இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள், கவனமாக இருங்கள்.

இப்படிக் காட்டுவதால் 500 டாலர் கிரெடிட் (கட்ட வேண்டிய வரியில் கழிவு) கிடைக்கும். அதைவிடப் பெரியது அமெரிக்கன் ஆப்பர்சூனிட்டி கிரெடிட்: முதல் நான்கு ஆண்டுப் படிப்புக்கு, ஆண்டுக்கு 2,500 டாலர் வரை. கல்லூரி தரும் 1098-டி என்ற ஃபீஸ் விவரப் படிவத்தை வைத்து, இந்தக் கிரெடிட்டைக் கேட்கும் 8863 படிவத்தை நிரப்ப வேண்டும். தம்பதியாக ஃபைல் செய்பவர்களுக்கு வருமானம் 1,60,000 டாலரைத் தாண்டினால் இது குறையத் தொடங்கி, 1,80,000-இல் நின்றுவிடும். இருவரும் ஐடியில் இருக்கும் வீடுகள் இதை முதலிலேயே பார்த்துவிடுவது நல்லது.

கடைசியாக, பிள்ளையோடு உட்கார்ந்து பேசுங்கள். சம்பளத்தில் பிடித்த வரியைத் திரும்ப வாங்க அவளும் தனியாக ரிட்டர்ன் போடலாம், தவறே இல்லை. ஆனால் "என்னை வேறொருவர் டிபென்டன்ட்டாகக் காட்டலாம்" என்ற கட்டத்தில் டிக் போட வேண்டும். அவசரத்தில் அதை விட்டுவிட்டு அவள் முந்திக்கொண்டால், உங்கள் இ-ஃபைல் திரும்பி வந்துவிடக்கூடும். அப்படி நடந்தால் அவள் 1040-எக்ஸ் என்ற திருத்தப் படிவத்தைப் போட்டுத் தன் ரிட்டர்னைத் திருத்த வேண்டும்.