கடற்கரைக்கு மூட்டை கட்டும் முன்

குழந்தைகளின் நீச்சல் உடையை எடுத்து வைக்கும்போது முதலில் நிறத்தைப் பாருங்கள். நீலமும் வெள்ளையும் வேண்டாம், தண்ணீருக்குள் கண்ணுக்கே தெரியாது. பளிச்சென்ற ஆரஞ்சு என்றால் அலைக்கு நடுவிலும் சட்டென்று தெரியும். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

சன்ஸ்கிரீன் எஸ்பிஎஃப் (வெயிலைத் தடுக்கும் திறனின் அளவு) 30 அல்லது அதற்கு மேல் இருக்கட்டும். மணலில் கால் வைத்த பிறகு பூசுவது தாமதம். வெயிலில் இறங்க 15 நிமிடம் முன்பே அறையில் பூசிவிடுங்கள். 2 மணி நேரத்துக்கு ஒருமுறையும், தண்ணீரிலிருந்து ஏறியதும் மறுபடி பூச வேண்டும். காது மடலும் பாதத்தின் மேல்புறமும்தான் எல்லோருக்கும் மறந்துபோகும் இடங்கள். 6 மாதம்கூட ஆகாத கைக்குழந்தை என்றால் நிழலும் மெல்லிய முழுக்கைச் சட்டையும்தான் நல்லது.

அப்புறம் மணல். விளையாட்டுச் சாமான்களை வலைப்பையில் போட்டுக்கொள்ளுங்கள். தூக்கி உதறினாலே மணல் கொட்டிவிடும். காலில் ஒட்டிய ஈர மணலைத் தேய்க்காதீர்கள், குழந்தைகளுக்கு எரியும். கொஞ்சம் சோள மாவை (கார்ன்ஃப்ளார்) தடவினால் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும், மணல் தானாக உதிரும்.

ஆளுக்கு ஒரு மாற்றுத்துணியைப் பையின் மேலாகவே வையுங்கள். நனைந்த குழந்தை குளிரில் நடுங்கும்போது அடியில் துழாவிக்கொண்டிருக்க முடியாது.