பழைய பென்ஸ் ‘பகோடா’ வாங்குவது எப்படி? முதல்முறை வாங்குபவர்களுக்கு

ஜெர்மனியின் டூசல்டோர்ஃப் நகரில் வட்டவடிவில் ஒரு பழைய ரயில் என்ஜின் கொட்டகை இருக்கிறது. இப்போது அதன் பெயர் கிளாசிக் ரெமிசே. உள்ளே கண்ணாடிப் பெட்டிகளில் பழைய கார்கள் நிற்கின்றன. எப்போது போனாலும் என் கால் தானாக நிற்கும் இடம் மெர்சிடிஸ் டபிள்யூ 113 முன்னால்தான். கூரையின் நடு சற்றுக் குழிந்து, இரு ஓரமும் தூக்கி நிற்கும். அதைப் பார்த்துத்தான் ‘பகோடா’ என்று செல்லப்பெயர் வைத்தார்கள். 1963 ஜெனீவா கண்காட்சியில் அறிமுகமாகி, 1971 வரை மொத்தம் 48,912 வண்டிகள் வந்தன.

வாங்க ஆசைப்படுகிறவர்கள் பெயிண்ட்டின் பளபளப்பில் மயங்கிவிடுகிறார்கள். நீங்கள் வேறு வரிசையில் பாருங்கள்.

படி 1: எந்த மாடல்?

மூன்று உண்டு. 230 எஸ்எல் 19,831, 250 எஸ்எல் 5,196, 280 எஸ்எல் 23,885. எண்ணிக்கையில் குறைந்தது 250. ஆனாலும் அரிது என்பதற்காக மட்டும் அதைத் தேடி அலையாதீர்கள். முதல் பகோடாவாக நான் சொல்வது 280. 170 குதிரைத்திறன், ஏழு பேரிங் கிராங்க் (பிஸ்டன் அசைவைச் சுழற்சியாக்கும் தண்டு), பின்னாலும் டிஸ்க் பிரேக். 230-ல் கிராங்குக்கு நான்கு பேரிங், பின்சக்கரத்தில் டிரம் பிரேக்.

படி 2: எண்களைப் படியுங்கள்

சேஸிஸ் எண் 113044-10 என்று தொடங்கினால் அது 280. 113043 என்றால் 250, 113042 என்றால் 230. அடுத்த இரண்டு இலக்கங்களில் 10 என்பது இடப்பக்க ஸ்டியரிங், கையால் மாற்றும் கியர். 12 என்றால் இடப்பக்க ஸ்டியரிங், ஆட்டோமேட்டிக். 20, 22 இரண்டும் வலப்பக்க ஸ்டியரிங். 280-இன் என்ஜின் எண் 130983 என்று தொடங்க வேண்டும்.

பிறகு ‘டாட்டன்கார்ட்டே’யைக் கேளுங்கள். தொழிற்சாலை ஒவ்வொரு வண்டிக்கும் எழுதிய ஜாதக அட்டை அது. என்ஜின் எண், பெயிண்ட் குறியீடு, சீட் துணி, கூடுதல் வசதிகள் எல்லாம் அதில் இருக்கும். அட்டையில் பெயிண்ட் குறியீடு 180 என்றிருந்தால் வண்டி வெள்ளிச் சாம்பல் நிறத்தில் பிறந்தது. எதிரே சிவப்பில் நின்றால், எப்போது, ஏன் மாற்றினார்கள் என்று கேளுங்கள். நிறம் மாறியது குற்றமில்லை, அதை மறைத்தால்தான் குற்றம்.

படி 3: ஒரு சின்னக் காந்தம்

இங்கேதான் அதிக நேரம் செலவிட வேண்டும். என்ஜினை எப்படியும் சரிசெய்துவிடலாம். துருப்பிடித்த உடலைச் சரிசெய்யும் செலவில் இன்னொரு வண்டியே வாங்கலாம்.

காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி, முன் மட்கார்டின் அடிப்பகுதியிலும் கதவுக்கு அடியில் நீளவாக்கில் ஓடும் பெட்டிச் சட்டத்திலும் வைத்துப் பாருங்கள். ஒட்டாமல் நழுவினால் அங்கே தகடு இல்லை, பட்டிதான். ஆனால் கதவு, பானெட், டிக்கி மூடி மூன்றும் அலுமினியம். அங்கே காந்தம் ஒட்டாததே சரி. ஒட்டினால்தான் சந்தேகம். புதிதாகப் பார்ப்பவர்கள் இதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டு நல்ல வண்டியை விட்டுவிடுவதுண்டு.

பானெட்டைத் திறந்து, மட்கார்டு உடலோடு சேரும் விளிம்பை டார்ச் அடித்துப் பாருங்கள். தொழிற்சாலை வைத்த புள்ளி வெல்டிங்கின் சின்னச் சின்னக் குழிகள் வரிசையாகத் தெரிய வேண்டும். மழமழவென்று இருந்தால் மட்கார்டை மாற்றியோ பட்டி பார்த்தோ இருக்கிறார்கள்.

படி 4: லிஃப்டில் ஏற்றுங்கள்

தரைத்தகடு, ஜாக்கி போடும் இடம், முன்பக்க நீளச் சட்டங்கள், ஸ்பேர் டயர் குழி. இந்த நான்கும் முக்கியம். ஜாக்கியில் தூக்கும்போது கதவு இடைவெளி சுருங்கினால் உடல் வலுவிழந்துவிட்டது. லிஃப்டில் ஏற்ற விற்பவர் மறுத்தால் நன்றி சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.

படி 5: குளிர்ந்த என்ஜின்

போனதும் பானெட்டைத் தொட்டுப் பாருங்கள். ஏற்கெனவே சூடாக இருந்தால் இன்னொரு நாள் வருவதாகச் சொல்லுங்கள். போஷ் நிறுவனத்தின் மெக்கானிக்கல் எரிபொருள் இன்ஜெக்‌ஷன் பம்ப் பழுதடைந்திருந்தால் அது குளிர்ந்த நிலையில் ஸ்டார்ட் செய்யும்போதுதான் காட்டிக்கொடுக்கும். சூடான பிறகும் கரும்புகை நிற்காவிட்டால் பம்ப் சீரமைப்புக்கு என்று தனியாகப் பணம் ஒதுக்குங்கள். அது சிறிய தொகை இல்லை.

படி 6: காகிதங்கள்

ஜெர்மனியில் 30 வயது தாண்டி, அசல் நிலையில் நன்றாகப் பராமரித்த வண்டிக்கு ‘ஹா’ (H) எழுத்தோடு நம்பர் பிளேட் கிடைக்கும். சாலை வரி ஆண்டுக்கு 191.73 யூரோ மட்டுமே. அமெரிக்காவிலிருந்து திரும்பி வந்த வண்டி என்றால் சுங்கம் கட்டிய ரசீதைக் கையில் வாங்கிக்கொள்ளுங்கள்.

படி 7: பணம் கொடுக்கும் முன்

ஹார்ட்டாப் கூரையைக் கழற்றச் சொல்லுங்கள். கனமானது, இரண்டு பேர் வேண்டும். அதிலும் பானெட்டிலும் அடித்திருக்கும் எண், வண்டியின் பாடி எண்ணின் (இது சேஸிஸ் எண் அல்ல) கடைசி இலக்கங்களோடு பொருந்துகிறதா என்று பாருங்கள். அடியில் துணிக்கூரை இல்லையென்றால் உடனே பதற வேண்டாம். பின்சீட்டுக்காகத் துணிக்கூரை இல்லாமலே தொழிற்சாலையிலிருந்து வந்த வண்டிகளும் உண்டு. டாட்டன்கார்ட்டேயை எடுத்து கூரை பற்றிய வரியைப் பாருங்கள்.