முதல்ல கல்லு, அப்புறம் மணலு: பொலன்னறுவை, திருகோணமலை ஃபேமிலி ட்ரிப் பிளான் பண்றது எப்படி

வீட்ல ஒருத்தருக்கு பழைய கோட்டை, கோயில், கல்வெட்டுனா உயிரு, இன்னொருத்தருக்கு கடல்ல காலை நனைச்சுட்டு சும்மா உக்காந்தாப் போதும், பசங்களுக்கு ஹோட்டல்ல ஸ்விம்மிங் பூல் இருந்தா உலகமே வேணாம். இந்த மூணு கோஷ்டியையும் ஒரே ட்ரிப்ல சமாளிக்கணும்னா எனக்குத் தெரிஞ்சு நமக்குப் பக்கத்துல இலங்கை மாதிரி ஒரு இடம் கிடையாது. சென்னைலேர்ந்து ஒன்றரை மணி நேரத்துக்குள்ள கொழும்புல இறக்கி விட்டுடுவான். நாங்க ஆறு பேரு போனோம், நாங்க ரெண்டு பேரு, பத்து வயசுலயும் ஆறு வயசுலயும் ரெண்டு வாண்டுங்க, கூட மாமனார் மாமியார். நிறைய தப்பு பண்ணோம், அதையெல்லாம் கழிச்சுட்டு நீங்க எப்படிப் போகணும்னு மட்டும் சொல்றேன்.

முதல்ல மாசம். இதுலதான் பாதிப் பேரு கோட்டை விடுறாங்க. இலங்கைல ரெண்டு பக்கமும் ஒரே நேரத்துல கடல் நல்லா இருக்காது. தெற்குக் கரைல இருக்கற காலி, மிரிஸ்ஸ ஊர்ப் பக்கம் டிசம்பர்லேர்ந்து மார்ச் வரை நல்லா இருக்கும், கிழக்குக் கரை, அதாவது திருகோணமலை, பாசிக்குடா எல்லாம் மே-லேர்ந்து செப்டம்பர் வரைக்கும் குளம் மாதிரி இருக்கும். நவம்பர், டிசம்பர்ல வடகிழக்குப் பருவமழை, நம்ம ஊர்ல கொட்டுற அதே மழைதான் அங்கயும் கொட்டும், அப்போ திருகோணமலை பக்கத்துல இருக்கற நிலாவெளி பீச்சுக்குப் போனா ரூம் ஜன்னல் வழியாத்தான் கடலைப் பாக்கணும். நம்ம பசங்களுக்கு மே மாசம் லீவு, கிழக்குக் கரைக்கும் அப்பதான் சீசன் ஆரம்பம், ரெண்டும் அழகா பொருந்திப் போகுது. லண்டன், கனடால இருக்கறவங்களுக்கு ஜூலை, ஆகஸ்ட் லீவும் இதுலயே அடங்கிடும், ஆனா அப்போ கச்சான் காத்து கொஞ்சம் சூடா அடிக்கும்.

ஒரே ஒரு எச்சரிக்கை, பௌர்ணமி எந்தத் தேதின்னு காலண்டர்ல பாத்துட்டு டிக்கெட் போடுங்க. அங்க ஒவ்வொரு பௌர்ணமியும் போயா தினம், அரசு லீவு, உள்ளூர் ஜனம் மொத்தமும் விகாரைக்குக் கிளம்பிடும், மதுக்கடையும் மூடிருவாங்க. மே மாசப் பௌர்ணமி வெசாக்ங்கிற புத்தர் பண்டிகை, தெருவெல்லாம் வெசாக் கூடுன்னு காகித விளக்கு தொங்கவிட்டு, ரோட்டோரம் தன்சல்னு பந்தல் போட்டு வர்றவன் போறவனுக்கெல்லாம் சும்மாவே சாப்பாடு போடுவாங்க, பாக்க ஆசையாத்தான் இருக்கும், ஆனா ரூம் கிடைக்கறது கஷ்டம். ஜூன் பௌர்ணமி பொசொன், அதுவும் புத்தர் பண்டிகைதான், அன்னிக்கு அநுராதபுரம் பக்கம் கூட்டம் நெரியும், குடும்பத்தோட தலை வச்சுப் படுக்காதீங்க.

அடுத்தது வரிசை. இடிபாடு முதல்ல, கடல் கடைசில. இதை மாத்தவே மாத்தாதீங்க. கடலைப் பாத்த பசங்களை அங்கேர்ந்து கிளப்பி வெயில்ல செங்கல் சுவரைப் பாக்கக் கூட்டிட்டுப் போறது நடக்குற காரியமா? அதே மாதிரி ஒரு நாளைக்கு ஒரு இடம்தான், அதுவும் காலைல ஆறரை ஏழுக்கு ஆரம்பிச்சு பத்தரை பதினொண்ணுக்குள்ள முடிச்சுடணும். நாங்க மொத நாளே வீரமா தம்புள்ளை குகைக் கோயில், பொலன்னறுவைன்னு ரெண்டையும் ஒரே நாள்ல போட்டோம், பொலன்னறுவை போய்ச் சேரும்போது மணி பன்னெண்டரை. அங்க புனித இடத்துக்கெல்லாம் செருப்பைக் கழட்டணும், கல்லு தோசைக்கல் மாதிரி காயுது, சின்னவன் கங்காரு மாதிரி குதிச்சுக் குதிச்சு ஓடுறான், மாமனாருக்குத் தலை சுத்தி ஒரு மரத்தடில படுக்க வச்சு இளநி வாங்கிக் குடுத்தோம். அதனால கைப்பைல ஆளுக்கு ஒரு ஜோடி பழைய சாக்ஸ் வச்சுக்கங்க, சாக்ஸ் போட்டுட்டு நடக்கலாம், யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க.

இப்போ ஆறு ராத்திரி பிளான்.

கட்டுநாயக்க ஏர்போர்ட்ல இறங்கினதும் கொழும்புக்குள்ள போகாதீங்க, ஷாப்பிங் ஆசை இருந்தா திரும்பும்போது பாத்துக்கலாம். நேரா ஹபரணை இல்ல சிகிரியா, 150 கிலோமீட்டர் சுமாருக்கு வரும், ஆனா ரோடு ரெண்டு வழிதான், நாலு மணி நேரம் ஆகும்னு வச்சுக்கங்க. இங்க மூணு ராத்திரி ஒரே ரூம்ல தங்குங்க. தினம் ஒரு ஹோட்டல் மாத்தி மாத்தி மூட்டை கட்டினா அது ட்ரிப் இல்ல, வீடு மாத்துறது. ஹபரணை நல்ல ஜங்ஷன், சிகிரியா, பொலன்னறுவை, தம்புள்ளை எல்லாமே அங்கேர்ந்து ஒரு மணி நேரம் முன்ன பின்னதான்.

ரெண்டாவது நாள் காலைல சிகிரியா. அஞ்சாம் நூற்றாண்டுல காசியப்பன்ங்கிற ராஜா அப்பாவைக் கொன்னுட்டு, தம்பி படையோட வருவான்னு பயந்து இந்தப் பாறை உச்சில அரண்மனை கட்டி உக்காந்தான், இந்தக் கதையை முந்தின ராத்திரியே பசங்ககிட்ட சொல்லி வச்சுடுங்க, படி ஏற வைக்கறதுக்கு அதுதான் பெட்ரோல். படி சுமார் 1200. பாதி வழில ஓவியங்கள் இருக்கு, அங்க போட்டோ எடுக்கக் கூடாது, பிளாஷ் இல்லாம எடுக்கறேன்னு வாதாடாதீங்க. அதுக்குப் பக்கத்துலயே கண்ணாடிச் சுவர், ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடி அங்க வந்தவங்க அந்த ஓவியப் பெண்களைப் பாத்துட்டு சுவர்ல கவிதை கிறுக்கி வச்சிருக்காங்க, நம்ம ஆளுங்க மலைக்கோட்டைல ஹார்ட் படம் வரையறாங்களே, அதேதான், ஆனா அது பழசானதால இப்போ பொக்கிஷம். மேல குளவிக் கூடு உண்டு, கத்தாம போகச் சொல்லி போர்டு வச்சிருக்காங்க, பசங்களுக்கு இதை சீரியஸாவே சொல்லுங்க.

முட்டி வலி இருக்கற பெரியவங்க கீழ இருக்கற தண்ணித் தோட்டத்தோட நின்னுக்கலாம், சமதளம், நிழல், மழைக்காலத்துல அந்தக் காலத்து நீரூற்று இன்னிக்கும் பீய்ச்சுமாம். ஆனா மேல ஏறாதவங்களுக்கும் டிக்கெட் எடுக்கணும், வெளிநாட்டுக்காரங்க ரேட்டு டாலர்ல, கொஞ்சம் கண்ணைக் கட்டும். இந்தியாவும் இருக்கற சார்க் கூட்டமைப்பு நாட்டு பாஸ்போர்ட்டுக்கு ரேட்டு கம்மி, அதனால எல்லாரோட பாஸ்போர்ட்டும் கைல இருக்கணும், ரூம் லாக்கர்ல வச்சுட்டு வந்து கவுன்ட்டர்ல கெஞ்சறதுல பிரயோஜனம் இல்ல. பக்கத்துல பிதுரங்கலன்னு இன்னொரு பாறை இருக்கு, அங்கேர்ந்து சிகிரியாவையே முழுசா பாக்கலாம், கட்டணமும் ரொம்பக் கம்மி, ஆனா கடைசில பாறையைப் புடிச்சுத் தொத்தி ஏறணும், சின்னப் பசங்களோட வேணாம்.

மூணாவது நாள் பொலன்னறுவை. என்னைக் கேட்டா சிகிரியாவை விட இதுதான் நமக்கான இடம். 993 வாக்குல ராஜராஜன் படை வந்து அநுராதபுரத்தை அழிச்சுட்டு, தலைநகரை இங்க மாத்தி ஜனநாதமங்கலம்னு பேரு வச்சுது, 1070ல முதலாம் விஜயபாகு சோழர்களை விரட்டற வரைக்கும் இங்கேர்ந்துதான் ஆட்சி. அங்க ரெண்டாம் சிவாலயம்னு போர்டு போட்டு ஒரு சின்னக் கற்கோயில் இருக்கும், அதோட உண்மையான பேரு வானவன்மாதேவி ஈச்சரம். சுத்தி செங்கல் இடிபாடா கெடக்க, இது மட்டும் தஞ்சாவூர் பக்கத்துல ஏதோ கிராமத்துலேர்ந்து தூக்கிட்டு வந்து வச்ச மாதிரி முழுசா நிக்குது. சுவர்ல தமிழ்க் கல்வெட்டு. பெரியவ ஒரு எழுத்தைத் தடவிப் பாத்துட்டு "அம்மா, இது நம்ம ‘ப’தானே"ன்னு கேட்டா, மாமனாருக்கு தலைசுத்தல் எல்லாம் போயிடுச்சு, அரை மணி நேரம் அங்கேர்ந்து நகரவே இல்ல.

சைக்கிள் வாடகைக்குக் கிடைக்கும், பத்து வயசுக்கு மேல பசங்க இருந்தா சைக்கிள்தான் பெஸ்ட், உள்ள நிழல் ரோடு, மேடு பள்ளம் கம்மி. பெரியவங்க வேன்லயே ஒவ்வொரு இடத்துக்கும் போய் இறங்கலாம். எல்லாத்தையும் பாக்கணும்னு பிடிவாதம் வேணாம், வட்டதாகேங்கிற வட்டமான புத்தர் கோயில், சிவாலயம், கடைசில கல் விகாரை, இந்த மூணு போதும். கல் விகாரைல ஒரே பாறைல செதுக்கின நாலு புத்தர், படுத்திருக்கறவர் மட்டும் 14 மீட்டர் நீளம், தலையணைல தலை அழுந்தின பள்ளத்தைக் கூட கல்லுல காட்டியிருக்கான் பாருங்க, பசங்களுக்கு அதைக் காட்டுங்க. புத்தருக்கு முதுகைக் காட்டிட்டு செல்ஃபி எடுக்கறதை அங்க பெரிய அவமரியாதையா எடுத்துக்குவாங்க, முட்டியும் தோளும் மூடின டிரஸ் வேணும், புத்தர் படம் போட்ட டி-சர்ட் கூட வேணாம்.

அன்னிக்கு சாயங்காலம் யானை சஃபாரி போகலாம். மின்னேரியா குளத்துல நூத்துக்கணக்குல யானை கூடறது ஆகஸ்ட், செப்டம்பர்ல, மே-ல போறவங்க பக்கத்துப் பக்கத்துல இருக்கற மின்னேரியா, கவுடுல்ல, ஹுருலு காடுகள்ல எதுன்னு ஜீப்காரர்கிட்ட கேட்டு, யானை இருக்கற பக்கம் போங்க. ஜீப்ல குலுங்கற குலுங்கல்ல மாமியார் வரலைன்னுட்டாங்க, அது நல்ல முடிவுதான்.

நாலாவது நாள் காலைல மூட்டை கட்டி திருகோணமலை, ரெண்டு மணி நேரம். போர்டு மாறும், பேச்சு மாறும், திடீர்னு எல்லாரும் தமிழ். "எங்கயிருந்து வாறீங்க, தேத்தண்ணி குடிக்கிறீங்களா"ன்னு கடைக்காரர் கேட்டதும் சின்னவனுக்கு ஒரே சிரிப்பு, ரெண்டு நாளா தேத்தண்ணி தேத்தண்ணின்னு எங்க உயிரை வாங்கினான். தங்கறதுக்கு ரெண்டு பீச் இருக்கு, உப்புவெளி டவுனுக்குப் பக்கம், சாப்பாட்டுக்கு அலைய வேணாம். நிலாவெளி இன்னும் வடக்க, மணல் அகலமா, அமைதியா இருக்கும், ஆனா ராத்திரி பால் பாக்கெட் வாங்கணும்னா ஆட்டோ புடிக்கணும். அஞ்சு வயசுக்குக் கீழ குழந்தை இருந்தா நான் ரெண்டையும் விட்டுட்டு பாசிக்குடா போகச் சொல்வேன், பொலன்னறுவைலேர்ந்து ஒன்றரை மணி நேரம்தான், ரொம்ப தூரம் நடந்தாலும் இடுப்பளவு தண்ணிதான்.

கடல்ல ரெண்டு முழு நாள் வைங்க. ஒரு நாள் காலைல சீக்கிரமா புறாத் தீவு, நிலாவெளிலேர்ந்து போட்ல கால் மணி நேரம் கூட ஆகாது, முகமூடி போட்டுக் குனிஞ்சா பவளமும் கலர் மீனும், அதிர்ஷ்டம் இருந்தா குட்டிச் சுறாவும் தெரியும், கடிக்காது. அது தேசியப் பூங்கா, நுழைவுக் கட்டணம், போட், லைஃப் ஜாக்கெட்னு தனித்தனியா ஏறிக்கிட்டே போகும், மொத்தம் எவ்வளவுன்னு கரைலயே கேட்டுடுங்க. பவளத்து மேல யாரும் நிக்கக் கூடாது. இன்னொரு நாள் சாயங்காலம் கோணேஸ்வரம், சம்பந்தர் பாடின தலம், பழைய கோயிலைப் போர்த்துக்கீசியர் 17ஆம் நூற்றாண்டுல இடிச்சு அந்தக் கல்லை வச்சே கோட்டை கட்டிட்டாங்க, இப்போ கோயிலுக்குப் போகணும்னா அந்தக் கோட்டை வாசல் வழியாத்தான் போகணும், உள்ள புள்ளிமான் எல்லாம் நாய் மாதிரி சாவகாசமா படுத்துக் கெடக்கும். கன்னியா வெந்நீர்க் கிணறு ஏழும் பக்கத்துலதான், மாமியார் அங்கதான் ரொம்ப நேரம் இருந்தாங்க, முட்டிக்கு நல்லதாம்.

சாப்பாடு பத்தி சைவக்காரங்களுக்கு மட்டும் ஒண்ணு. தேங்காச் சம்பல்ல மாசிக் கருவாட்டுத் தூள் போடுவாங்க, பாக்க நம்ம தேங்காத் துவையல் மாதிரியேதான் இருக்கும். "மாசி போடாம"ன்னு சொல்லிக் கேளுங்க, இல்லாட்டி சைவக் கடைன்னு போர்டு பாத்துப் போங்க. இடியாப்பம், சொதி, பருப்பு இருக்கற வரைக்கும் குழந்தைங்க பட்டினி கிடக்காது.

வண்டி விஷயம், டிரைவரோட வேன் எடுத்துடுங்க, பெரியவங்களோட பஸ் சரிப்படாது. புக் பண்ணும்போதே மூணு கேள்வி: பெட்ரோல், பார்க்கிங், டிரைவர் தங்கற செலவு எல்லாம் சேத்துதானா, ஒரு நாளைக்கு எத்தனை கிலோமீட்டர், வழில கடைக்குக் கூட்டிட்டுப் போவாரா. எங்களை ஒரு மூலிகைத் தோட்டத்துல இறக்கி, இலவசமா சுத்திக் காட்டறோம்னு சொல்லி, கடைசில முடி வளர்ற எண்ணெய்னு ஒண்ணை நம்ம ஊரு ரேட்டுக்கு அஞ்சு மடங்குல தள்ளி விட்டுட்டாங்க. வாங்கினது நான்தான், வீட்ல இன்னும் சொல்லிக் காட்டறாங்க.

கிளம்பறதுக்கு முன்னாடி இ-டி-ஏ, அதாவது இலங்கைக்குள்ள போக ஆன்லைன்ல வாங்கற அனுமதி, போட்டுடுங்க, குழந்தைங்களுக்கும் வேணும், விதியும் கட்டணமும் அடிக்கடி மாறுது, அதனால கூகுள்ல மேல வர்ற ஏதோ ஒரு லிங்க்ல பணம் கட்டாம அரசோட சொந்த சைட்லயே போடுங்க.

கடைசி நாள் திருகோணமலைலேர்ந்து ஏர்போர்ட் ஆறு மணி நேரம். ராத்திரி ஃபிளைட்னா காலைல ஒரு குளியல் போட்டுட்டுக் கிளம்பலாம், காலை ஃபிளைட்னா ஆறாவது ராத்திரியை நீர்கொழும்புல வச்சுக்கங்க, அதுவும் கடற்கரை ஊர்தான், ஏர்போர்ட்டுக்கு ரொம்பப் பக்கம். ஈர டிரஸ்ஸுக்குத் தனியா ஒரு பிளாஸ்டிக் கவர் எடுத்துட்டுப் போங்க, நாங்க மறந்துட்டோம், இன்னிக்கும் அந்த சூட்கேஸைத் திறந்தா ஓரத்துல நிலாவெளி மணலு உதிருது.